மிச்சம் பிடித்த ராத்திரி

(சென்னையிலிருந்து பாங்காக் போகும் விமானம். நள்ளிரவு 12.50. இருக்கைக்குத் தனிக் காசு கட்டாத குற்றத்துக்காகக் குடும்பம் நாலு வரிசைகளில் சிதறிக் கிடக்கிறது. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமனாரும், பயணம் முழுவதையும் எக்செல்லில் திட்டமிட்ட மாப்பிள்ளையும் மட்டும் பக்கத்துப் பக்கத்தில். மாப்பிள்ளையைத் திட்டுவது மரபில்லை. அதனால் மாமனார் சந்தேகம் கேட்கிறார்.)

மாமனார்: ஒரு சந்தேகம் மாப்பிள்ளை. ஏன் நடுராத்திரி?

மாப்பிள்ளை: விஷயமே அதுதான் மாமா. பகல்ல போனா ராத்திரிக்கு ரூம் போடணும். இதுல தூக்கம் ஃப்ளைட்லயே முடிஞ்சுடும். ரெண்டு ரூமுக்கு ஒரு நாள் வாடகை மிச்சம்.

மாமனார்: பலே. எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?

மாப்பிள்ளை: 5.40. தூங்க முழுசா அஞ்சு மணி நேரம் இருக்கு.

மாமனார்: அவங்க கடிகாரம் நம்மளவிட ஒண்ணரை மணி நேரம் முன்னால ஓடுதுன்னு பேத்தி சொன்னாளே. அப்ப நம்ம கணக்குல 4.10தானே? இதுல சாப்பாடு விக்க லைட்டைப் போடுவாங்க. இறங்க அரை மணி இருக்கும்போதே சீட்டை நிமித்தச் சொல்வாங்க. நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ஜனங்க காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போனாங்க.

மாப்பிள்ளை: ட்ரெயினையும் இதையும் ஒண்ணாக்காதீங்க மாமா. இது ட்ராபிகல் வெகேஷன்.

மாமனார்: அப்படின்னா?

மாப்பிள்ளை: வெப்பமண்டலச் சுற்றுலா. கடல், மணல், தென்னை, இளநி, வெயில்.

மாமனார்: திருவான்மியூர்ல இதுல எது இல்ல? பேத்தி அட்லஸ்ல ஸ்கேல் வெச்சே பார்த்துட்டேன். சென்னை 13 டிகிரி வடக்கு. பட்டாயாவும் கிட்டத்தட்ட அதே 13. வங்காள விரிகுடாவைத் தாண்டி நேர்கிழக்கு. இங்க வேர்க்கிறது பத்தலைன்னு அங்க போய் வேர்க்கப் போறோமா?

மாப்பிள்ளை: மெதுவா மாமா. பட்டாயான்னு சொல்லாதீங்க. பாங்காக்னு மட்டும் சொல்லுங்க.

மாமனார்: அதையும் கேக்கணும்னு இருந்தேன். பட்டாயான்னதும் நம்ம குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏன் கண்ணடிச்சார்? "குடும்பத்தோட போறோம்"னேன். "ஐயோ பாவம்"னார்.

மாப்பிள்ளை: (தொண்டையைச் செருமி) 2023 நவம்பர்ல நமக்கு விசா வேண்டாம்னு சொன்னதிலேர்ந்து எல்லாருமே போறாங்க மாமா. யாராவது கேட்டா கோயில் பார்க்கப் போறோம்னு சொல்லிடுங்க. பாங்காக் சீலோம் ரோட்ல மாரியம்மன் கோயிலே இருக்கு, 19ஆம் நூற்றாண்டுல போன தமிழங்க கட்டினது. ஏர்போர்ட்லயே பாற்கடல் கடையற சிலை வெச்சிருக்காங்க, அவ்வளவு பெருசு!

மாமனார்: அடடே! இறங்கினதும் ஒரு கும்பிடு போட்டுடலாமா?

மாப்பிள்ளை: அது... புறப்படற பக்கம் இருக்கு. திரும்பி வர்றப்பதான் பார்க்க முடியும்.

மாமனார்: அதுவும் சரிதான். முதல்ல ஆலகாலம், அப்புறம்தானே அமிர்தம்.

(விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. உணவு வண்டி வருகிறது. பின்வரிசையில் சின்னவன் அலறுகிறான். அவனைச் சமாதானப்படுத்தும் அம்மா அவனைவிடச் சத்தமாக இருக்கிறாள்.)

மாப்பிள்ளை: கப் நூடுல்ஸ் வாங்கட்டுமா? 350 ரூபாய்தான்.

மாமனார்: உங்க அத்தை கட்டின புளியோதரை இருக்கு. தொட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல. மாங்காய்த் தொக்கைச் சோதனையிலயே பிடுங்கிட்டாங்களே.

மாப்பிள்ளை: தொக்கும் திரவக் கணக்குலதான் மாமா வருது. 2006ல லண்டன்லேர்ந்து கிளம்பற விமானங்களைத் திரவ வெடிமருந்து வெச்சுத் தகர்க்கத் திட்டம் போட்டுப் பிடிபட்டாங்க. அதுக்கப்புறம்தான் கைப்பையில 100 மில்லிக்கு மேல கூடாதுன்னு வந்துது.

மாமனார்: அவ தொக்கை இத்தனை வருஷமா சாப்பிட்டவன் சொல்றேன், பிடுங்கினவங்க மேல தப்பே இல்ல.

(காதைக் குடைகிறார்.)

மாப்பிள்ளை: அடைக்குதா? எச்சில் முழுங்குங்க. உள்ள காத்தழுத்தத்தை 6,000லேர்ந்து 8,000 அடி உயர மலைமேல இருக்கற அளவுலதான் வெச்சிருப்பாங்க.

மாமனார்: ஊட்டி எவ்வளவு உயரம்?

மாப்பிள்ளை: 7,000 அடிக்கு மேல.

மாமனார்: அப்ப ஊட்டிக்கு ஏற்கெனவே வந்துட்டோம். குளிரும் அதே குளிர், போர்வைக்குத் தனியாக் காசு கேக்கறதும் அதேதான். இங்கயே இறக்கி விடச் சொல்லுங்களேன்.

மாப்பிள்ளை: (கண்ணை மூடி) தூங்குங்க மாமா.

மாமனார்: இது ஒண்ணு மட்டும். ஹோட்டலுக்கு எப்பப் போய்ச் சேருவோம்?

மாப்பிள்ளை: இமிகிரேஷன் வரிசை, வேன், எல்லாம் சேர்த்து ஒன்பது மணி ஆகும்.

மாமனார்: ரூம் எப்பக் குடுப்பாங்க?

மாப்பிள்ளை: (செல்போனில் எக்செல்லைத் தேடி, குரல் இறங்கி) ரெண்டு மணிக்கு.

மாமனார்: ராத்திரி ரெண்டா?

மாப்பிள்ளை: மத்தியானம். முன்னாடியே வேணும்னாலும் எடுத்துக்கலாம். கொஞ்சம் கூடக் கட்டணும்.

மாமனார்: கொஞ்சம்னா?

மாப்பிள்ளை: ஒரு நாள் வாடகை.

(முன்வரிசையில் இவ்வளவு நேரமும் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமியார் களுக்கென்று சிரிக்கிறார்.)

மாமனார்: திரும்பி வர்றதாவது பகல்லதானே?

மாப்பிள்ளை: அதுவும் ராத்திரிதான் மாமா. 12 மணிக்கு ரூமைக் காலி பண்ணிட்டா அன்னிக்கு வாடகையும் மிச்சம். ஃப்ளைட் ராத்திரி பத்தரைக்கு.

மாமனார்: நடுவுல எங்க இருப்போம்?

மாப்பிள்ளை: லாபியில நல்ல சோபா போட்டிருக்காங்க மாமா. போட்டோ பார்த்தேன்.

மாமனார்: ரூமுக்கு நாலு நட்சத்திரம்னீங்க. லாபிக்கு எத்தனை மாப்பிள்ளை?