மலக்பேட்டிலிருந்து சைதாப்பேட்டைக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

"டெக்கான் டர்பி அன்றைக்கு எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம், அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள், விசாரித்து எழுது" என்று உங்கள் வாட்ஸ்அப் வந்தது. நான் ஐதராபாத்துக்கு வந்தது சாப்ட்வேர் வேலைக்கு என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போல. போகட்டும். 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் மைதானத்தை அரசாங்கம் பூட்டி சீல் வைத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உங்களை வைத்துக்கொண்டு அத்தை படும் பாட்டை அம்மா சொன்னாள். அங்கே குளம் வெட்டியிருக்கிறார்களாமே! எந்த வாத்து முதலில் கரையேறும் என்று நீங்கள் புக்கி தேடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலக்பேட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் இந்த ஊர் ரேஸ் கோர்ஸ் பக்கம்தான். முதலில் இங்கே குதிரைகள் ஓடியது மௌலா அலியில். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான்தான் 1886-ல் தன் அரண்மனைக்குப் பக்கமாக மலக்பேட்டுக்கு மாற்றினார். நீங்கள் ரேஸுக்குப் போக வீட்டில் பொய் சொல்வீர்கள். அவர் ரேஸையே வீட்டுப் பக்கம் வரவழைத்துவிட்டார். வசதி இருந்தால் இப்படியும் செய்யலாம்.

டெக்கான் டர்பி வழக்கமாக அக்டோபர் 2-ல் வரும். காந்தி ஜெயந்தி. அன்றைக்கு இங்கே ஒயின் ஷாப் கிடையாது, கறிக்கடை கிடையாது. பந்தய கவுன்டர் மட்டும் திறந்திருக்கும். "ரேஸ் சூதாட்டமில்லை, திறமை விளையாட்டு என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, அதுவும் நம்ம கிண்டி கேஸில்" என்று நீங்கள் அத்தையிடம் அடிக்கடி சொல்வீர்களே, அது நினைவுக்கு வந்தது. அந்தத் திறமை நம் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று தீர்ப்பில் இல்லையே என்பது அத்தை கட்சி.

இனி டிப்ஸ். இந்த ஊரில் அதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, பேப்பர். காலையில் குதிரைகள் பயிற்சி ஓடுவதைக் கடிகாரம் பிடித்துப் போடுகிறார்கள். 600 மீட்டர் 45 விநாடி, "சுலபமாக ஓடியது"; இன்னொன்று, "நல்ல நிலையில் இருக்கிறது"; மற்றொன்று, "இன்னும் வேகம் பாக்கி வைத்திருக்கிறது". முழுப் பத்தியையும் படித்தேன். கல்யாணத் தரகர் கொண்டுவரும் வரன்களைப் போல ஒன்றிலும் ஒரு குறை கிடையாது. கடைசியாக வரப்போகிற குதிரையும் அன்று காலை சுலபமாகத்தான் ஓடியிருக்கிறது.

இரண்டாவது, பேடக். ரேஸுக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வளையம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் எனக்குப் பாடம் எடுத்தார். ரோமம் எண்ணெய் தடவினாற்போல மினுங்க வேண்டும், விலாப்பக்கம் வற்றியிருக்க வேண்டும், கடிவாள வார் கழுத்தில் உரசும் இடத்தில் வியர்வை வெள்ளை நுரையாகத் திரண்டிருந்தால் அந்தக் குதிரை பதற்றத்திலேயே பாதி ரேஸை ஓடி முடித்துவிட்டது என்று அர்த்தம். அவர் சொன்னபடியே நுரை தள்ளிய குதிரையை எல்லோரும் ஒதுக்கினோம். அதுதான் ஜெயித்தது. பெரியவர் அசரவில்லை. "இன்றைக்குப் புழுக்கம், எல்லாவற்றுக்கும் வியர்க்கும்" என்றார்.

மூன்றாவது, டீக்கடை. லாயத்தில் வேலை செய்பவரின் மச்சினன் என்று ஒருவர் இரானி டீயோடு பக்கத்தில் வந்து, "கிசி கு நக்கோ போலோ மியா" என்று காதோடு காதாக ஒரு நம்பர் சொன்னார். யாரிடமும் மூச்சுவிடாதே என்றவர், அடுத்த மேஜைக்குப் போய் வேறொரு நம்பர் சொன்னார். எட்டுக் குதிரை ஓடுகிற ரேஸ்; எட்டு மேஜைக்கும் போனார். ஒரு மேஜைக்காரர் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? ரேஸ் முடிந்ததும் அந்த மேஜையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மைதானத்தில் நான் பார்த்த ஒரே நிச்சய வருமானம் அவருடையதுதான்.

இத்தனை பேர் இத்தனை சொல்லியும் ஏன் தவறுகிறது என்றால், ஹாண்டிகேப்பர் என்று ஒருவர் இருக்கிறார். நன்றாக ஓடும் குதிரைக்கு ரேட்டிங் ஏறும். ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கூடுதல் சுமை முதுகில் ஏறும். எல்லாக் குதிரையும் ஒரே சமயத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் டிப்ஸ்காரருக்கு வேலையே இல்லை. டர்பியில் இந்தச் சுமைக் கணக்கு கிடையாது என்பதால் ஃபேவரிட்டுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆனால் எல்லோரும் அதன் மேலேயே கட்டுவதால் அதற்கு விலை, அதாவது ஜெயித்தால் கிடைக்கும் மடங்கு, பெரிதாக இருக்காது.

நீங்கள் டிவியில் பார்க்கும் செல்டன்ஹாம் மாதிரி வேலி தாண்டும் ரேஸ் இங்கே இல்லை, வெறும் தரை ஓட்டம்தான். அதுவும் நல்லதுக்குத்தான். 1967-ல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனலில் ஒரு வேலிக்கு முன்னால் குதிரைகள் ஒன்றோடொன்று மோதி நின்றுவிட, வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னவன் இடுக்கில் புகுந்து தாண்டி ஜெயித்தது. ஒன்றுக்கு நூறு விலை. முதலாளியே பார்க்க வரவில்லை. பின்தங்கியிருந்ததுதான் அதன் தகுதி என்று எந்த டிப்ஸ்காரர் முன்கூட்டிச் சொல்வார்?

அடுத்து, நீங்கள் அனுப்பிய 700 ரூபாய்க்குக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத் தொகை முழுவதுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம். குதிரை ஜெயித்தாலும் படுத்தாலும் அது போனதுதான். ஆகவே 500 பந்தயம், 200 வரி. நீங்கள் சொன்ன ஃபேவரிட்டையே பிளேஸில், அதாவது முதலாவதாக வராவிட்டாலும் அடுத்த இடத்துக்குள் வந்தால் போதும் என்று கட்டினேன். இரண்டாவதாக வந்தது. பத்து ரூபாய்க்குப் பன்னிரண்டு வீதம் 600 கொடுத்தார்கள். மாமா, உங்கள் கணிப்பு பலித்துவிட்டது, 100 ரூபாய் நஷ்டம். பெரிதாக அடித்திருந்தால் வருமான வரிக்காரரும் 30 சதவீதத்துக்குக் காத்திருப்பார்.

டர்பி நாளுக்கு என் செலக்‌ஷன் இதோ.

முதல் ரேஸ்: கட்ட வேண்டாம், பேடக்கில் குதிரையைப் பாருங்கள்.
ஜாக்பாட்: தொடர்ந்து ஐந்து ரேஸில் முதல் குதிரையைச் சொல்ல வேண்டும். அத்தையிடம் ஒரே ஒரு பொய்யைத் தொடர்ந்து ஐந்து நாள் காப்பாற்றிவிட்டு வாருங்கள், பேசலாம்.
டர்பி: ஃபேவரிட், வாயால் மட்டும்.
டேஸ் பெஸ்ட் (அன்றைய சிறந்த டிப்): டீக்கடை மச்சினனின் எட்டு மேஜை. உங்கள் வாக்கிங் குரூப்பில் சரியாக எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு குதிரை ரகசியமாகச் சொல்லுங்கள். ஜெயிப்பவர் டிபன் வாங்கிக் கொடுப்பார், ஹோட்டல் பில்லுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்