தாடியும் வசனமும்: பதின்மூன்று குள்ளர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

குள்ளர் எனப்படுவோர் யாவர் என்று முதலில் வரையறுப்பது ஆய்வு மரபு. உயரத்தை வைத்து வரையறுக்கப் போனால் கட்டுரை இங்கேயே படுத்துவிடும். பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘தி ஹாபிட்’ படங்களில் குள்ளர் தலைவன் தோரினாக வரும் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் ஆறடி இரண்டு அங்குலம். முன்பு வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையில் கிம்லி என்னும் குள்ளராக நடித்த ஜான் ரைஸ்-டேவிஸும் ஆறடிக்கு மேல். மோதிரத்தோடு புறப்படும் ஒன்பது பேரில் அவரே நெட்டை. ஆகவே, குள்ளர் என்பார் தாடியுடையார் என்று கொள்க.

(ரைஸ்-டேவிஸின் உயரத்தால் ஆதாயமும் இருந்தது. குள்ளரினும் குட்டையான ஹாபிட் இனத்தாராக நடித்தவர்கள் அவ்வளவு உயரமில்லை. கதைக்கு வேண்டிய விகிதம் தானே அமைந்துவிட்டதால், அவரையும் அவர்களையும் சேர்த்து நிறுத்திப் படம்பிடித்து மொத்தமாகச் சுருக்கிவிட முடிந்தது.)

2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று ஹாபிட் படங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். குள்ளர் பதின்மூவர்: தோரின், பாலின், துவாலின், ஃபீலி, கீலி, டோரி, நோரி, ஓரி, ஓயின், குளோயின், பிஃபூர், போஃபூர், பாம்பூர். இப்பெயர்களில் பெரும்பாலானவற்றை, மூலக் கதையை எழுதிய டோல்கீன் ‘வோலுஸ்பா’ என்ற பழைய நார்ஸ் கவிதையின் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தார். காதுக்கு இனிமை, ஆளை அடையாளம் காண உதவாது. அதே பட்டியலில் கண்டால்ஃபின் பெயரும் இருக்கிறது. அவர் மட்டும் எப்படி நெடிய மந்திரவாதியாகித் தப்பித்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

எட்டு மணி நேரம் பார்த்தும் ஓயின் யார், குளோயின் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு விதி பிடிபட்டது: தாடி குறையக் குறைய வசனம் கூடும் என்க.

சான்று வருமாறு. எய்டன் டர்னர் நடித்த கீலிக்கு இருப்பது தாடியே அன்று. நாலு நாள் மழிக்காத முகம். அவனுக்கு விஷ அம்பு, எல்ஃப் பெண்ணின் காதல், உருக்கமான சாவு மூன்றும் வாய்த்தன. அந்தப் பெண் டாரியேல் 1937இல் வந்த டோல்கீனின் மூல நாவலில் கிடையாது. அதே நாவலில் கீலிக்கு மஞ்சள் தாடி உண்டு. தாடியை எடுத்த கையோடு காதலியைக் கொடுத்தார்கள் என்பது இதனால் போதரும். அண்ணன் ஃபீலிக்குத் தம்பியைவிடத் தாடி அதிகம். சாவு மட்டுமே கிடைத்தது. தோரினுக்கு ஒட்ட வெட்டிய தாடி, அதனால் அரசுரிமை. மறுகோடியில் பாம்பூர். பின்னிய தாடியை வளையமாக்கி மாலைபோல் தொங்கவிட்டிருப்பார். திரையரங்குக்கு வந்த மூன்று பாகங்களிலும் அவருக்கு வசனம் அநேகமாக இல்லை. பீப்பாய்க்குள் உருண்டு எதிரிகளை நசுக்கும்போதுகூட வாய் திறக்கவில்லை.

அற்றேல், பாலினுக்கு நீண்ட தாடி இருந்தும் நிறையப் பேசுகிறாரே எனின், அது நரைத்த தாடி. நரைத்தது தாடிக் கணக்கில் வராது, அனுபவக் கணக்கில் வரும். கிம்லி பெருந்தாடியோடு ஓயாமல் பேசினாரே எனின், அவர் அந்தக் கூட்டத்தில் ஒற்றைக் குள்ளர், போட்டிக்கு ஆளில்லை. ஓரிக்குத் தாடியும் சொற்பம், வசனமும் சொற்பமாயிற்றே எனின், ஓரி இந்த ஆய்வைக் கெடுக்கவென்றே வந்தவர்.

நடிகர் பாடு வேறு. ரைஸ்-டேவிஸுக்கு ஒப்பனை ஒவ்வாமல் கண்ணைச் சுற்றி வீங்கிவிடும். ஹாபிட் முப்பரிமாணப் படமாதலால், ஒருவரைக் கிட்டவும் ஒருவரை எட்டவும் நிறுத்தி உயரத்தை ஏமாற்றும் பழைய வித்தை அங்கே பலிக்கவில்லை. குள்ளர்கள் ஓர் அரங்கில் நடிக்க, கண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் பச்சைத் திரை சூழத் தனியே உட்கார்ந்து, கம்பத்தில் மாட்டிய அவர்களுடைய புகைப்படங்களோடு பேச வேண்டியிருந்தது. மனம் உடைந்து அழுததாக அவரே பின்னர் சொன்னார். குள்ளர்களுக்காக நிஜமாகவே கண்ணீர் சிந்தப்பட்ட அந்த நாளில் எதிரே ஒரு குள்ளர்கூட இல்லை.

ஓயினையும் குளோயினையும் பிரித்தறியும் வழி கண்டவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். காதுக் குழல் வைத்திருப்பவர் ஓயின் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தக் குழல் முதல் பாகத்திலேயே நசுங்கிவிடுகிறது.