சாம்பாரில் பங்கு கேட்கும் ஜீவன்

நாய்க்குக் காய்கறி கொடுக்கலாமா என்று கேட்டால் போதும், இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும். ‘அது ஓநாய்ப் பரம்பரை, கறி இல்லாமல் எப்படி?’ என்பது ஒன்று. ‘எங்கள் வீட்டு மணி சுத்த சைவம், தினமும் சாம்பார் சாதம்தான்’ என்பது மற்றொன்று. இரு தரப்புமே நாயின் வயிற்றைவிடத் தங்கள் குலப்பெருமையைத்தான் அதிகம் பேசுகிறார்கள் என்பது என் சந்தேகம். ஓநாய்க் கட்சியின் வாதம் 2013-லேயே ஆட்டம் கண்டுவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது, நாயிடமோ நான்கிலிருந்து முப்பது வரை இருக்கிறது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்று நாய் தன் குடலையே நமக்கேற்பத் திருத்திக்கொண்டிருக்கிறது. தாடையைத்தான் திருத்தவில்லை. அது மேலும் கீழும்தான் அசையும், அரைக்காது. பச்சைக் கேரட்டைப் பெரிய துண்டாகப் போட்டால், மறுநாள் காலை அது நிறம் மாறாமல் தெருவோரத்தில் ஆஜராகிவிடும். வேகவைத்து மசித்துப் போட்டால்தான் ஏதாவது உடம்பில் ஒட்டும்.

ஆகவே வில்லன் காய்கறி அல்ல, நம் கைமணம்தான். சைவக் கட்சி பெருமையோடு ஊற்றும் சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் தள்ளும்; வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் அரை சதவீத வெங்காயமே ஆபத்து என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. பத்துக் கிலோ நாய்க்கு ஐம்பது கிராம். அடுத்தது புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது நெடுநாள் புதிராக இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் அண்மையில் முன்வைத்தார்கள்; புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததை 2022-இல் பதிவும் செய்தார்கள். அந்த அமிலம் புளியில் ஏராளம். இவற்றுக்குமேல் உப்பும் மிளகாயும் வேறு.

‘தெருநாய் எதைத்தான் தின்னவில்லை? கல்லுக்குண்டாக இருக்கிறதே!’ என்பார்கள். கல்லுக்குண்டாக இருப்பதுதான் கண்ணில் படுகிறது. போய்ச் சேர்ந்ததற்கு யார் இரங்கல் போஸ்டர் ஒட்டினார்கள்? வெங்காயம் தின்ற உடனே நாய் சுருண்டு விழுவதுமில்லை. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்து, படுத்த இடத்தைவிட்டு எழாது. அதற்குள் நாம் திங்கட்கிழமைக் குழம்பை மறந்து ‘கண்ணு பட்டுடுச்சு’ என்று முடித்திருப்போம். ஒருநாள் ஒரு கரண்டியில் உயிர் போகாது என்பது உண்மைதான். ஆனால் சிறுகச் சிறுகத் தினமும் போனாலும் கெடுதல் உண்டு. உண்ணிக்குப் பூண்டு நல்லது என்று இடித்துக் கொடுப்பவர்கள், உண்ணியைவிட நாயைத்தான் அதிகம் சோதிக்கிறார்கள்.

வழி எளிது. உப்பும் புளியும் சேர்க்குமுன், வெந்த பூசணி, பீன்ஸ், கேரட்டில் இரண்டு கரண்டியைத் தனியே எடுத்து வைத்தால் போதும். பச்சை பாரித்த உருளைக்கிழங்கு வேண்டாம். மக்காச்சோளத்தின் முத்துகளைத் தரலாம், தக்கையைத் தரக்கூடாது. அது குடலை அடைத்துக்கொள்ளும். ‘உப்பில்லாத பூசணியை மணி முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறதே’ என்றால், விட்டுவிடுங்கள். வயதுக்கேற்ற சரிவிகித உணவு கிடைக்கும் நாய்க்குக் காய்கறி கட்டாயமில்லை. அவித்த முட்டையோடு பிசைந்து வைத்தால் முட்டையை மட்டும் நக்கி எடுத்துப் பூசணியைத் தட்டிலேயே விட்டுவைக்கும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு.