மரத்த கையிடம் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி?

வலது மணிக்கட்டில் முறிவு, ஆபரேஷன். முழு மயக்கம் வேண்டாம், காறை எலும்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைக்கலாம் என்கிறார் மயக்க மருத்துவர். ஒரு நரம்பைக் கெடுத்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம். ஆனால் ஊசியை மட்டும் நம்பினால் காரியம் ஆகாது. பிரிட்டனில் 2006-07இல் முதுகில் போட்ட ஏழு லட்சம் மரப்பு ஊசிகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். நிரந்தரப் பாதிப்பு, எவ்வளவு கூட்டிக் கணக்கிட்டும், லட்சத்துக்கு நான்கு சொச்சம்தான். கை ஊசியையும் பெரிதாக நம்ப முடியாது. ஆக, நீங்களும் ஒத்துழைக்க வேண்டும்.

முதலில் வாயைக் கட்டுங்கள். "சுகர் உண்டா?" என்றால் "லேசா" போதும். இரண்டு வருடமாகப் பாதம் எரிவதைச் சொன்னால், ஏற்கெனவே நைந்த நரம்பாயிற்றே என்று டாக்டர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஊசி இறங்கும்போது விரல் நுனிவரை கரண்ட் அடித்தாற்போல் சுரீரென்றால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். சொல்லித் தொலைத்தால் மருந்தை நிறுத்தி ஊசியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். ஸ்கேன் திரையைப் பார்த்துத்தான் குத்துகிறார், சரி, திரைக்கு வலிக்காதே.

அடுத்தது வார்டு. உங்கள் திறமைக்கு இங்குதான் வேலை. புபிவாகைன் ஏறிய கை ராத்திரி முழுக்க உங்களுடையது அல்ல. யாரோ வைத்துவிட்டுப் போன வாழைத்தண்டு போலப் பக்கத்தில் கிடக்கும். நர்ஸ் தலையணையில் வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும், முழங்கையின் உள்பக்கம் கட்டில் கம்பியில் அழுந்தும்படி போட்டுக்கொண்டு தூங்குங்கள். நாற்காலியில் இடித்தால் சுண்டுவிரல்வரை ஜிவ்வென்று ஏறுமே, அந்த நரம்பு அங்கே தோலுக்கடியிலேயே ஓடுகிறது. மற்ற நாளாயிருந்தால் கொஞ்ச நேரத்தில் குடைச்சல் எழுப்பிவிடும். இன்றைக்கு எழுப்ப ஆளில்லை. மாவுக்கட்டு இறுகினாலும் இதே சௌகரியம். "என்னடா, விரல் நீலமா இருக்கு?" என்பார் பார்க்க வந்த சித்தி. "மருந்து வேலை செய்யுது சித்தி."

இரண்டு நாள் கழித்தும் சுண்டுவிரல் மரத்தே இருந்தால், "பரவாயில்ல சார்." பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். சரியாகாத ஒன்றிரண்டு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல மறைவு ஏது?

ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தி. விரல்கள் ஒட்டிச் சேராமல் ரசம் இடுக்கு வழியே இலைக்கே திரும்பும். இப்போது தாராளமாக வாயைத் திறக்கலாம், பக்கத்து இலைக்காரரிடம்: "எல்லாம் அந்த ஊசி பண்ண வேலைங்க."