பூனைக்கும் ஆடிப்பட்டம் உண்டு

கேள்வி (பாம்பன்): மழைக்காலத்தில் தெருப்பூனையைக் குளிரிலிருந்து காக்கச் சொல்கிறீர்கள். ராமேஸ்வரத்தில் ஏது குளிர்? ஊட்டிப் பூனைக்குப் போகவேண்டிய கம்பளியை எங்கள் தீவுக்கு ஏன் அனுப்பச் சொல்கிறீர்கள்?

பதில்: கம்பளி வேண்டாம், காய்ந்த துண்டு ஒன்று போதும். இந்தக் கரையில் டிசம்பர் இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த மட்டில் உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கு மனித உடம்புக்கானது. பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. கூடுதலாகத் தீனியை எரிக்காமல் அந்தச் சூட்டைக் காத்துக்கொள்ள, சுற்றிலும் 30 டிகிரியாவது இருக்க வேண்டும். நாம் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டும் வேளையில்தான் பூனை நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்கிறது. 24 டிகிரி கார்த்திகை இரவைக் கடக்க அதற்கு இரண்டு கைமுதல் தேவை: காய்ந்த ரோமம், நிறைந்த வயிறு. ரோமங்களுக்கு நடுவே தங்கும் காற்றுதான் அதன் போர்வை. நனைந்ததும் அந்தக் காற்று போய்விடுகிறது. ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது; வாடைக்காற்று அதை இன்னும் விரைவாக்குகிறது. உடம்பு சிறியதாக இருக்க இருக்க இந்த இழப்பும் அதிகம். பிறந்த சில வாரங்களுக்குக் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கும் திறனும் கிடையாது. தாய் வயிற்றின் சூடுதான் அதன் சூடு.

வயிற்றின் கதை இந்தக் கரைக்கே உரியது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகுகள் கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஏலம் இல்லை, ஏலம் இல்லாவிட்டால் கழித்துப் போடும் மீனும் இல்லை. கடலோரமல்லாத பரமக்குடித் தெருப்பூனைக்கு மழைநாளிலும் எலியோ எச்சில் சோறோ எங்காவது அகப்படும். மீன் இறங்குதளத்துப் பூனைக்குச் சாப்பாடு பெரும்பாலும் கடலிலிருந்தே வருகிறது. எந்த நாளில் சூட்டுக்காக அது அதிகம் சாப்பிட வேண்டுமோ, அதே நாளில் அதன் இலை காலி. ஆகவே இங்கே பூனையின் குளிர்காலம் என்பது ஈரமும் பட்டினியும் சேர்ந்து வருவது. கம்பளி அதைத் தீர்க்காது.

கேள்வி (தங்கச்சிமடம்): மழையில் மனிதன் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது. படகு போகாத நாளில் கூலி இல்லை. இந்த நிலையில் பூனைக்கு வீடு கட்டச் சொல்கிறீர்களே?

பதில்: உங்கள் கோபத்தை மதிக்கிறேன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று முழங்கால் தண்ணீரில் நின்றவரிடம் போய்ப் பூனையைப் பற்றிப் பேசுவது சரியல்ல. மனிதருக்கான நிவாரணத்திலிருந்து ஒரு ரூபாயைக்கூட நான் கேட்கவில்லை. கேட்பது, ஏற்கெனவே தூக்கி எறியப்படும் ஒரு பொருளை: மீன் வைத்து அனுப்பும் தெர்மகோல் பெட்டி. ஐஸை உருகவிடாமல் காக்கும் அதே பெட்டி, உள்ளே படுத்த பூனையின் சூட்டையும் வெளியே விடாது. நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பக்கவாட்டில் பூனை மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் வெட்டுங்கள். மூடியைக் கயிற்றால் இறுக்கி, தண்ணீர் ஏறாத இடத்தில் நாலைந்து செங்கல் மேல், காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். வாசல் பெரிதானால் சூடும் நிற்காது, நாயும் தலையை நுழைக்கும். உள்ளே பழந்துணி போடாதீர்கள். துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, படுத்த பூனையை மேலும் குளிர வைக்கும். ராமநாதபுரம் நெல் விளையும் மாவட்டம். ஒரு கை வைக்கோல் யாரிடமும் கிடைக்கும். வைக்கோலில் ஈரம் நிற்காமல் கீழே இறங்கிவிடும், பூனையும் அதற்குள் புதைந்துகொள்ளும். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு கத்தியும் கால்மணி நேரமும்தான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுப்புச் சாம்பலில் பூனை சுருண்டு படுத்த காலம் கேஸ் அடுப்போடு போயிற்று. இப்போது அதற்குச் சூடு கிடைப்பது, ஓடி நின்ற வண்டியின் எஞ்சினுக்குள். ராமேஸ்வரத்தில் யாத்திரை வண்டிகள் இரவெல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஜப்பானில் நிசான் நிறுவனம் 2015-இல், சாவியைத் திருகும் முன் பானட்டைத் தட்டுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. தட்டினால் உள்ளிருக்கும் பூனை விழித்து ஓடிவிடும். தட்ட ஒரு கை போதும். அதற்கு எந்த நிவாரண நிதியும் தேவையில்லை.

கேள்வி (மண்டபம்): நனைந்து விறைத்த குட்டிக்கு முதலில் சூடாகப் பால் ஊற்றலாமா?

பதில்: கூடாது. நல்ல மனதோடு செய்யப்பட்டு உயிரை எடுக்கும் காரியங்களில் இதுதான் முதலிடம். உடல் குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். முதலில் துடைக்க வேண்டும், அடுத்து சூடேற்ற வேண்டும், அதற்குப் பிறகே தீனி. இந்த வரிசை மாறக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணியில் சுற்றி, குட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், மேலே வைக்காதீர்கள். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். அடுப்பருகே கொண்டுபோய்க் காட்டாதீர்கள். உடம்பு வெதுவெதுப்பாகி, வாய் சப்பத் தொடங்கிய பிறகு தீனிக்கு வரலாம். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை மருந்துக்கடையிலும் செல்லப்பிராணிக் கடையிலும் கேட்டு வாங்குங்கள். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டாமல், வயிறு தரையில் படும்படி வைத்து ஊட்டுங்கள்.

இன்னொன்று. தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை அல்ல. தாய் ஒவ்வொரு குட்டியாக மேட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம், இரை தேடிப் போயிருக்கலாம். குட்டி காய்ந்து, வயிறு நிறைந்து, அமைதியாக இருந்தால் தள்ளி நின்று பாருங்கள். நனைந்து கத்தினால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (தேவிபட்டினம்): காய்ச்சல் மாதிரி இருக்கிறது. கால் மாத்திரை பாராசிட்டமால்?

பதில்: கால் அல்ல, அதில் கால்கூட வேண்டாம். மனித ஈரலும் நாயின் ஈரலும் அந்த மருந்தைக் கழிக்கும் வழி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. தங்கிப்போன மருந்து ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், பூனை சாகும். நாய் உண்ணிக்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சே. தரை கழுவும் ஃபினாயில்கூடக் காலில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். கடற்கரைக்கே உரிய ஆபத்து தூண்டில். வாயிலோ பின்புறத்திலோ தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனையில் முள் இருக்கலாம். முள் இல்லாவிட்டாலும் இறுகிய நரம்பு குடலை அறுத்துவிடும். நுனியை அப்படியே விட்டு டாக்டரிடம் கொண்டுபோவதுதான் முதலுதவி.

மழைக்காலத்தில் பெரும்பாலும் காண்பது பூனைச் சளி. ஹெர்பஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்கள் அதற்கு முக்கியக் காரணம். கண் ஒட்டிப்போகும், மூக்கு அடைக்கும். வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. அப்போது சூடையையோ நெத்திலியையோ உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் வைத்தால் வாசனைக்கு வரும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வாந்தியும் பேதியுமாகக் குட்டிகள் வரிசையாகச் சாகின்றன என்றால் பான்லூக்கோபீனியாவாக இருக்கலாம். அந்த வைரஸ் ஓராண்டுவரைகூட அந்த இடத்தில் உயிரோடிருக்கும். குட்டி இறந்த பெட்டியை அடுத்த குட்டிக்குக் கொடுக்காதீர்கள். இந்த மூன்று வைரஸுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி உண்டு. எட்டு வார வயதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி (திருப்புல்லாணி): ஆடு மாடு பார்க்கும் டாக்டர் பூனையைப் பார்ப்பாரா?

பதில்: பார்ப்பார். கால்நடை மருத்துவப் படிப்பில் பூனையும் உண்டு. அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கு மட்டும் என்று எழுதி வைக்கவில்லை. நாம்தான் பூனையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. 1962 என்ற கட்டணமில்லா எண் கால்நடை அவசரத்துக்கானது. அதன் பெரும்பொழுது ஆடு மாட்டுக்கே போகிறது. இது ஆடும் மாடும் பிழைப்பாக உள்ள மாவட்டம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் யாரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அது உதவும். பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியோ மூடியுள்ள கூடையோ வேண்டும். கீறினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். இந்தியாவில் வெறிநோய் பெரும்பாலும் நாயால் வருகிறது, ஆனால் பூனைக்கும் அது வரும். பயப்பட வேண்டாம், ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கேள்வி (ராமேஸ்வரம்): சோறு போடப்போடப் பெருகும். பேசாமல் பிடித்துத் தனுஷ்கோடியில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளாதா?

பதில்: பாதி உண்மை சொல்லியிருக்கிறீர்கள். சோறு மட்டும் போட்டால் பெருகும். மறுபாதி தவறு. தனுஷ்கோடியில் பழகாத மணலில் இறக்கிவிட்ட பூனை நிழலுக்கும் குடிநீருக்கும் அலைந்து சாகும். பட்டினியோ தாகமோ நேரும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். பிழைத்துக்கொண்டாலோ இன்னும் கேடு. 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது, பரப்பு 500 ஹெக்டேருக்கு மேல். தொலைதூரத்திலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் குளிர்காலத்தில் தரையில் அமர்ந்து ஓய்வெடுக்கும் இடம் அது. தீவுகளில் மனிதன் கொண்டுபோய் விட்ட பூனைகள் பறவை இனங்களையே அழித்த வரலாறு நியூசிலாந்து முதல் பல இடங்களில் உண்டு. பூனையை நேசிப்பவர்தான் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்: தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை பூனைக்குச் சோறும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

வழி கருத்தடை ஒன்றே, அதிலும் காலம் பார்த்துச் செய்த கருத்தடை. பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஆவணியில் சேர்ந்தது ஐப்பசியில் ஈனும், சரியாக மழை கொட்டும் நேரத்தில். நான்கு மாதத்துக்கு மேல் ஆன பெண்குட்டியே சினைப்படலாம். கார்த்திகையில் நீங்கள் சாக்கடையோரத்தில் பொறுக்கியெடுக்கும் குட்டி, ஆடிக்குள் தாய்க்கு அறுவை நடந்திருந்தால் பிறந்தே இருக்காது. உழவருக்கு ஆடிப்பட்டம் விதைக்க; நமக்கு அது அறுவை முடித்திருக்க வேண்டிய கெடு. தொடங்க நல்ல நேரம் அதற்கும் முன்பே வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பூனைகள் பசியோடிருக்கும். கூண்டுக்குள் வைத்த ஒரு மீன் துண்டுக்கு வரும். வெயில்காலமாதலால் தையல் போட்ட காயம் நனையாமல் ஆறும். மழையில் அதே காயம் சீழ் பிடிக்கும்.

இது ஆகிற காரியமா என்றால், அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் 1996-இல் 68 ஆக இருந்த பூனைகள் கருத்தடையாலும் தத்தெடுப்பாலும் 2002-இல் 23 ஆகக் குறைந்தன. அங்கே ஏறக்குறைய பாதிப் பூனைகளுக்கு வீடு கிடைத்தது. கருத்தடை மட்டுமே அவ்வளவையும் செய்துவிடவில்லை. ஆனால் சோறு போடுகிறவரே பிடித்துக் கொடுக்கவும், பிடித்தவரே திரும்ப அதே தெருவில் விட்டுக் கண்காணிக்கவும் வேண்டும் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும். ஒரு தெருவில் பாதிப் பெண்பூனைகளை விட்டுவிட்டால் மீதி உழைப்பு வீண். பத்துத் தெருவில் ஒவ்வொன்றைப் பிடிப்பதைவிட ஒரு தெருவை முழுதாக முடிப்பது மேல்.

இந்த மழைக்குப் பெட்டியும் துண்டும் தயாராக இருக்கட்டும். அடுத்த மழைக்காக, உங்கள் தெருவில் எத்தனை பெண்பூனைகள் என்று இப்போதே எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கையோடு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், கருத்தடை எங்கே செய்வார்கள், எந்த நாளில் கொண்டுவரலாம் என்று கேளுங்கள். சித்திரை பிறந்ததும் கூண்டை எடுங்கள்.