ஆறு மணிக்கு மேல் வேறு ஆள்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஊரில் இதைச் சொன்னால் "சும்மா சொல்லாதீங்க சார்" என்பார்கள். டோக்கியோவில் சொன்ன மாத்திரத்தில் நம்பிவிட்டார்கள். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு நம்பியதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நான் தங்கியிருந்தது கோயென்ஜியில். பழைய துணிக்கடைகளும் குறுகலான சந்துகளும் நிறைந்த பேட்டை. காலையில் காபி தேடி அலைந்தபோது ஒரு சந்தின் முனையில் அந்தக் கடை அகப்பட்டது. கவுண்டரைச் சுற்றிச் சில நாற்காலிகள், ஓரமாக இரண்டு மேஜை. முதலாளி ஒருவரே சமையல்காரர், சப்ளையர், கல்லா எல்லாம். அவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மாஸ்டர் சைஃபனில் காபி போடுகிறவர். கீழே கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், அடியில் சின்ன அடுப்பு. கொதித்ததும் தண்ணீர் குழாய் வழியாக மேல் குடுவைக்கு ஏறித் தூளோடு கலக்கிறது. மூங்கில் கரண்டியால் அளந்து வைத்த மாதிரி ஒரு கிண்டு. தீயை நகர்த்தியதும், ஏறினது பூராவும் துணி வடிகட்டி வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. இதற்குள் ஊரில் நான் ரெண்டு டம்ளர் முடித்து, பேப்பரில் ராசிபலனும் பார்த்திருப்பேன். ஆனால் காபி நன்றாகவே இருந்தது. கூடவே செங்கல் கனத்துக்கு ஒரு டோஸ்ட், ஒரு அவித்த முட்டை. நகோயாப் பக்கம் காபி விலைக்கே இவற்றைக் கொடுத்துவிடுவார்களாம். டோக்கியோவின் மனசு அவ்வளவு விசாலம் இல்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், பேப்பர் படித்துக்கொண்டே முட்டை உரித்துக்கொண்டிருந்தார். மரியாதைக்கு "ஒஹாயோ கொஸாய்மஸ்" என்று காலை வணக்கம் சொன்னேன். பேப்பர் இரண்டு அங்குலம் உயர்ந்தது. நான் டோஸ்ட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடையில் ஒருவரும் பேசவில்லை. முட்டை ஓடு நொறுங்கும் சத்தம் அந்த அமைதியில் எனக்கே கூச்சமாக இருந்தது.

கடையைப் பற்றிச் சொன்னதும், "அண்ணே, அது ராத்திரியில பாருண்ணே" என்றார் எனக்குப் பழக்கமான மதுரைக்காரத் தம்பி ஒருவர். ஐடியில் வேலை, நிஷி-கசாயில் வீடு. இந்தியர்கள் கூட்டமாக இருக்கும் இடம் அது. கறிவேப்பிலை வரைக்கும் கிடைக்கும். அங்கிருந்து தோஸாய் லைனில் நகானோ, அதற்கு அடுத்த ஸ்டேஷன் கோயென்ஜி. கறிவேப்பிலையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் அவர் ஏன் வந்து போகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரே கடை பகலில் காபியும் இரவில் சரக்கும் விற்பது ஜப்பானியர்களுக்குப் புதிதல்ல. 1888இல் தேய் எய்கே என்பவர் உவேனோவில் முதல் காபிக்கடையைத் திறந்தார். பில்லியர்ட்ஸ், பத்திரிகைகள் என்று சகல வசதியும் செய்துவைத்தார். ஓடவில்லை, சில வருடங்களில் மூடிவிட்டார். 1911இல் கின்ஸாவில் பிரெந்தாம்ப், பாலிஸ்தா, லயன் என்று கஃபேக்கள் வரிசையாக வந்தன. போகப் போக, கஃபே என்றால் பணிப்பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து மது ஊற்றும் இடம் என்றாகிவிட்டது. வெறும் காபி விற்றவர்கள் "நாங்கள் சுத்தமான காபிக்கடை" என்று போர்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது, பாவம்.

சட்டமும் ரொம்பப் படுத்துவதில்லை. முன்பு காபிக்கடைக்கு ஒரு அனுமதி, உணவகத்துக்கு ஒரு அனுமதி என்று இருந்தது. காபிக்கடை அனுமதியை வைத்துக்கொண்டு மது ஊற்றக்கூடாது. 2021 ஜூனில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கிளாஸில் ஊற்றிக் கொடுக்கத் தனி உரிமம் வேண்டாம். திறக்காத பாட்டிலாக விற்றால்தான் வேண்டும். நள்ளிரவுக்கு மேலும் மதுவே பிரதான வியாபாரம் என்றால் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2003இலிருந்து அரசாங்கமே கடை போட்டு விற்கும் மாநிலத்திலிருந்து போனவனுக்கு, ஒரு தனி மனிதர் இத்தனை சுளுவாக இதை நடத்துவது கொஞ்சம் அநியாயமாகவே பட்டது.

அன்று சாயங்காலம் தம்பியோடு போனேன். ஆறு மணிக்கு மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கறுப்பு வெயிஸ்ட்கோட் மாட்டினார். சைஃபன் மேல் அலமாரிக்குப் போனது. சர்க்கரைக் கிண்ணங்கள் மறைந்தன. காலையில் சுவர் என்று நான் நினைத்திருந்த திரையை ஒதுக்கினால், பின்னால் வரிசையாக விஸ்கி பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை, அட்டையில் வாடிக்கையாளர் பெயர். பாட்டிலை வாங்கிக் கடையிலேயே வைத்துவிட்டு வரும்போதெல்லாம் ஊற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத சொத்துக்கு இதைவிட நல்ல பாங்க் கிடையாது என்றார் தம்பி. காபிக்கொட்டையைக்கூட விடவில்லை, ஒரு ஜாடியில் ஷோச்சு என்கிற ஜப்பானியச் சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்ததும் சூடான கைத்துண்டு வந்தது. பின்னாலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக, நூல் நூலாகக் கடல்பாசி.

"நாம கேக்கலையே தம்பி?"

"கேக்காமத்தான் வரும்ணே. பில்லுல மட்டும் கேட்டுக்கிட்டு வரும்."

உட்கார்ந்த குற்றத்துக்கு முந்நூறோ நானூறோ யென். சாம்பாரை இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றச் சொல்லி வளர்ந்த உடம்பு இதை ஏற்க மறுத்தது. காசு கொடுத்தாக வேண்டுமே என்று கடைசி இழை வரைக்கும் தின்றேன்.

நான் ஊலாங் டீ கேட்டேன். தம்பி ஊலாங்-ஹை கேட்டார். அதே டீதான், ஷோச்சு கலந்தது. ஒரே அளவு கிளாஸ், ஒரே பழுப்பு நிறம், அதே ஐஸ். அடையாளத்துக்காக மாஸ்டர் மது இருக்கும் கிளாஸில் மட்டும் ஒரு கலக்கும் குச்சியைப் போட்டுக் கொடுத்தார். தம்பி வாங்கியதும் வாங்காததுமாகக் குச்சியை எடுத்து மேஜையில் வைத்தார். போனில் ஏதோ படம் காட்டுவதற்காக இரண்டு கிளாஸையும் நகர்த்தினார். முடிந்தது கதை.

நான் ஒன்றை முகர்ந்தேன். அவர் இன்னொன்றை முகர்ந்தார். மாற்றி முகர்ந்தோம். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, குடிங்க" என்றார். அறுபது வயது வரை காப்பாற்றிய விரதத்தை ஒரு பிளாஸ்டிக் குச்சிக்காகவா விடுவது? மாஸ்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் எனக்குப் புது டீ ஊற்றி வைத்துவிட்டு, பழைய இரண்டையும் தம்பி பக்கம் தள்ளினார். தம்பி இரண்டையும் குடித்தார். எது எது என்று கடைசி வரை சொல்லவில்லை.

அப்போது கதவைத் திறந்துகொண்டு காலைப் பெரியவர் வந்தார். தன் பெயர் எழுதிய பாட்டிலை வாங்கி, ஒரு ஹைபாலை முடித்தார். பேப்பர் இல்லாத முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். "இந்தோ?" என்றார். தலையாட்டினேன். "முத்து!" என்று கத்தினார்.

1998இல் ரஜினியின் 'முத்து' ஜப்பானில் 'ஆடும் மகாராஜா' என்ற பெயரில் ஓடு ஓடென்று ஓடியது. பெரியவர் ஷிபுயாவில் வரிசையில் நின்று பார்த்தவராம். "மீனா-சான்" என்று சொல்லி நெஞ்சில் கை வைத்தார். தம்பி எழுந்து துண்டைத் தோளில் சுழற்றிக் காட்ட, பெரியவர் கைத்துண்டால் திருப்பிக் காட்ட, மாஸ்டர் கிளாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். பெரியவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மீனா இருந்தார், அது போதுமாயிருந்தது.

மறுநாள் காலை அதே கவுண்டர், அதே பெரியவர், அதே முட்டை. உரிமையோடு "முத்து!" என்றேன். பேப்பர் இரண்டு அங்குலம் உயர்ந்தது. கோபமெல்லாம் இல்லை, ராத்திரி நடந்ததைப் பகலில் இழுக்கக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. நம் ஊரில் ராத்திரி போட்ட சண்டையைக் காலையில் தொடராமல் விடுகிறவர்கள் எத்தனை பேர்?

போகிறவர்கள் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த மாதிரிச் சின்னக் கடைகளில் கார்டை நம்ப முடியாது. கிண்ணத்துக்காகச் சண்டை போடாதீர்கள். குச்சியை எடுக்காதீர்கள். முக்கியமாக, கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். பத்து மணிக்கு மேல் டாக்ஸிக்கு இருபது சதவீதம் கூடுதல். அன்று ரயிலை விட்டுவிட்டு நிஷி-கசாய்க்கு டாக்ஸியில் போன தம்பி, எவ்வளவு ஆயிற்று என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.