சொகுசுக் கப்பலில் சின்னப் பிள்ளைகள்

கனடாவிலிருந்து வரும் உறவுகளுக்கு இப்போது ஒரே ஆசை: பிள்ளையளோடு புதுக் கப்பலில் போகவேணும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஒஃப் த சீஸ்' கப்பலில் 20 தளம், 7 நீச்சல் தடாகம், 6 நீர்ச்சறுக்கு. யாழ்ப்பாணத்துக்கும் கப்பல் வராமலில்லை. 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்த 'எம்பிரஸ்' எங்கள் கண்ணுக்குப் புதுசுதான். 1990இல் வேறு பெயரோடு சேவையில் இறங்கியது அது. வயதைக் குறைத்துச் சொல்வது கலியாணத் தரகருக்கு மட்டும் உரிய கலையல்ல.

அதைவிடக் குறிகட்டுவானுக்கு வாருங்கோ. நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலப் பயணம். குனிந்து இறங்கினால் கீழ்த்தளம். எஞ்சின் சூட்டில் நீராவிக் குளியல் இலவசம். சக பயணிகள்: சிமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கால் கட்டிய கோழி. அலை தூக்கிப் போடுகிற விளையாட்டுக்கும் தனிக் கட்டணமில்லை. சின்னவன் சத்தி எடுக்கத் தொடங்க, முன்பின் தெரியாத ஆச்சி ஒருத்தி மடியிலிருந்து தேசிக்காயை எடுத்து அவன் மூக்கடியில் பிடிப்பா. "மணந்து பார் ராசா, கரை வந்திட்டுது." கரை வந்திருக்காது. எந்தச் சொகுசுக் கப்பலும் இப்படியொரு தாதியைச் சம்பளத்துக்கு வைத்திருக்காது.

பஃபே வேணுமென்றால் நயினாதீவில் இறங்குங்கோ. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். பிள்ளைக்கு அரை ரிக்கெட் என்ற பேச்சே கிடையாது.

காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு ஊர்காவற்றுறை–காரைநகர் 'பாதை' என்னும் மிதவை இருக்கிறது. அதுவும் இலவசம், மோட்டார் சைக்கிளோடேயே ஏறலாம். பிள்ளை அழத் தொடங்கி, தாய் அதட்டி, தகப்பன் தாயை அதட்டுவதற்குள் மறுகரை வந்துவிடும்.